வீட்டில் நாலு பேர்

ஜெசிந்தாவுக்குத் தூக்கம் பகலில்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலையை முடித்து, காலை ஒன்பது மணிக்கு வீடு வந்து, ஒரு தம்ளர் கஞ்சியைக் குடித்துவிட்டு, சன்னலில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள் என்றால், நாலு மணிவரை பக்கத்தில் இடியே விழுந்தாலும் தெரியாது. ஆறு மாசம் பனியும், மீதி ஆறு மாசம் பனி எப்போது வரும் என்ற பேச்சுமாக இருக்கிற அந்தத் துறைமுக நகரத்தில், இப்படிச் சொந்தத் தூக்கம் தூங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. அவள் குடியிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நெற்றியில் பட்டி கட்டாமல் தூங்குகிற ஒரே ஆள் அவள்தான். அக்கம்பக்கத்தில் அவளைக் கொஞ்சம் கிறுக்கு என்றே நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பட்டி விஷயத்தைத்தான் அவள் தம்பி ரூபன் அன்றைக்குச் சாயங்காலம் தன் பெண்டாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி ஷெரின் அவர்கள் சொந்த ஊரான நாசரேத்தில், சுவர்த்திரையில், மின்விசிறிக்குக் கீழே. இவன் இங்கே கம்பளிக்குள். ஜெசிந்தா அடுப்படியில் தோசை வார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்தப் போய் யாரு துட்டு குடுத்து வாங்குவா?" என்றாள் ஷெரின்.

"மெஷினுக்கு எல்லாம் தெரியும், கனவு மட்டும் வராது. கனவு வராத புத்தி ஒரே தடத்துல ஓடி ஓடி மரத்துப் போயிருமாம். அதனால நம்ம தூங்கும்போது நம்ம கனவ அதுக எடுத்துக்கிடும். நமக்கு வெறுந்தூக்கம். படுத்தது தெரியும், எந்திரிச்சது தெரியும், நடுவுல ஒண்ணும் கிடையாது."

"என்னைய அங்க கூப்பிட உங்க சம்பளத்தக் காட்டினா ஆகாதாக்கும்?"

"வேலைய இங்க யாரு நம்புதா? இன்னைக்கு இருக்கும், நாளைக்கு மெஷின் வந்து பாத்துக்கிடும். மனுசன் எந்தக் காலத்துலயும் விடாமச் செய்யுதது தூங்குதது ஒண்ணுதான். அந்த வருமானத்தத்தான் நிரந்தரம்னு கவர்மெண்டு எடுத்துக்கிடும். பெண்டாட்டியக் கூட்டிட்டு வரணும்னா அதத்தான் காட்டணும்."

"அப்பம் தூங்க வேண்டியதான?"

ரூபன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவனுக்குத் தூக்கம் வந்தால்தானே. கல்யாணமாகி நாலு வருஷம். அதில் சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். படுத்தால் அவள் ஞாபகம், எழுந்தால் அவளுக்குப் போன். அவளை நினைத்துத் தூக்கம் வரவில்லை, தூக்கம் வராததால் அவளைக் கூட்டிவர முடியவில்லை. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்லி அழ? இரண்டு தடவை அவன் தூக்கத்தைச் சோதித்துப் பார்த்து, மூன்றாந்தரம் என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் தள்ளினால் மனு செத்தது. அப்புறம் ஜென்மத்துக்கும் போடமுடியாது. அந்தத் தடவைக்குக் கெடு இந்த மாசக் கடைசி.

திரை அணைந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்றான். நாற்பது வயது ஆள், கையில் கவரோடு நிற்கிற தபால்காரன் மாதிரி நின்றான்.

"ஒரே வீட்ல இருக்கிற சொந்தக்காரங்க வருமானத்தையும் சேத்துக் காட்டலாம்னு ஒரு விதி இருக்குக்கா," என்றான்.

"தெரியும். ரெண்டு வருஷமா அந்தக் காயிதத்த என் கண்ணுல படுத மாதிரியே வெச்சிட்டுப் போற."

"பாதித் தூக்கம் போதும். மூணு மணி நேரம். மீதி ஒனக்குத்தான்."

ஜெசிந்தா தோசையைத் திருப்பிப் போட்டாள். "தோசையத் தின்னு. நாளைக்குச் சொல்லுதேன்," என்றாள். நாளைக்கு என்றால், அவள் தூங்கி எழுந்தபிறகு என்று ரூபனுக்குத் தெரியும். வீட்டுக்காரரைக் கேட்காமல் அவள் எதையும் முடிவு செய்வதில்லை. வீட்டுக்காரர் எட்வின் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

மறுநாள் காலையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடினதும் பனை மரங்கள் வந்தன. அவள் தூக்கத்துக்குள் இருக்கிற ஊர் ஒரு தினுசு. தேரிக்காட்டுச் செம்மண்ணில் பனை வரிசையாக நிற்கும்; பனைமேல் வெள்ளை வெளேரென்று பனி விழுந்துகொண்டே இருக்கும்; ஆனால் குளிராது. வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் துறைமுகம். தூரத்தில் மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோவில் கோபுரம் கப்பல்களுக்கு நடுவில் தெரியும். அங்கே எட்வின் மரநாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். உயிரோடு இருந்தவரைக்கும் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை பார்த்து, ஒரு நாள் உட்கார்ந்து அறியாத மனுஷன். இப்போது நன்றாக உட்கார்ந்தார்.

ஒரு சங்கதி மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அங்கே வயசாகிக்கொண்டிருந்தது. சாகும்போது ஐம்பத்திரண்டு. இப்போது காதோரம் முழுக்க நரைத்துவிட்டது, எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்கிறார். போட்டோவில் இருக்கிறவர் அப்படியே இருக்க, இவர் மட்டும் அவளோடு கூடவே கிழவராகிக்கொண்டு வந்தார்.

"ரூபன் கேக்கான்," என்றாள்.

"குடுக்க வேண்டியதான? மூணு மணி நேரத்துல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நான் எங்கயும் போகப்போறதில்ல."

"அப்பம் ஆபீஸ்ல சோதிச்சுப் பாப்பாங்களாம். என் தூக்கத்துக்குள்ள வந்து வீடு வாசல் எல்லாம் பாப்பாங்களாம். நீங்க இந்தக் கிழிஞ்ச பனியனப் போட்டுக்கிட்டு நிக்காதீக. வாரவுகள வாங்கன்னு கேளுங்க."

"அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்," என்றார் எட்வின்.

சும்மா மூலையில் கிடந்த மனுஷனை இப்படி அவளே கிளப்பிவிட்டாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணும் சோதனைக்கு வருகிறவர்களை விருந்தாளியாக நினைத்திருக்க மாட்டாள். நாசரேத்துக்காரி நினைத்தாள்.

குடியேற்ற அலுவலகத்தில் தரை அத்தனை வெள்ளை. நடக்கவே கூச்சமாக இருந்தது. ஒரு மெத்தை, ஒரு பட்டி, ஒரு மணி நேரம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தால், இங்க்ரிட் என்ற அதிகாரி மேசைக்குப் பின்னால் காத்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி, களைத்த முகம், ஆனால் கெட்ட முகம் இல்லை. அவள் தன் பாஷையில் பேசப் பேச, ஜெசிந்தாவின் காதில் மாட்டியிருந்த பொத்தான் தமிழில் சொன்னது. அது பேசின தமிழுக்கு முன்னால் வானொலிச் செய்தி தோற்றது.

"தங்கள் உறக்கம் முதல் தரமானது. பாராட்டுகள்," என்றது பொத்தான். ரூபன் மூச்சு விட்டான். "ஆயினும், தங்கள் இல்லத்தில் வசிக்கும் மற்றுமொரு நபரைத் தாங்கள் மறைத்துள்ளீர்கள்."

"யார மறைச்சோம்?" என்றான் ரூபன்.

இங்க்ரிட் மேசைத் திரையைத் திருப்பிக் காட்டினாள். கலங்கலான படம். வெள்ளைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஒரு மனுஷர் நேராகப் படத்தைப் பார்த்து வந்தார். குனிந்து, கையில் காபித் தம்ளரை நீட்டினார். உட்காருங்க, காபி சாப்பிடுதீகளா, தூரத்துலருந்து வாரீக போலிருக்கு என்றார்.

"அத்தான்," என்றான் ரூபன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் அவரைப் பார்க்கிறான்.

"அது என் வீட்டுக்காரர்மா. எறந்துட்டாக," என்றாள் ஜெசிந்தா. "சர்டிபிகேட் வெச்சிருக்கேன்."

"சான்றிதழை நான் நம்புகிறேன். விதி நம்பாது," என்றாள் இங்க்ரிட். அவள் முகத்தில் சங்கடம் தெரிந்தது. பொத்தானின் குரலில் அது தெரியவில்லை. "குடும்பத்தில் ஆட்களை மறைத்துக் குறைவான வருமானம் காட்டுவோர் மிகுதி. எனவே உறக்கத்தைப் பார்க்கிறோம். இறந்தவர்கள் உறக்கத்தில் வருவது இயல்பு. அவர்கள் இறந்த வயதிலேயே இருப்பார்கள். இவருக்கு ஆறு ஆண்டுகள் கூடியிருக்கின்றன. வயது கூடுபவர் எவரோ, அவர் அவ்வீட்டில் வசிப்பவர். இது விதி."

"ஓரமா நின்னிருந்தா?" என்றான் ரூபன்.

"ஓரத்தில் நின்றவர்களை யாம் அளப்பதில்லை. இவர் எமக்குக் காபி கொடுத்தார்."

அப்புறம் அவள் பொறுமையாக இரண்டு வழி சொன்னாள். ஒன்று, நீக்கம். பத்து நிமிஷ வேலை, வலிக்காது. அவர் ஞாபகத்தில் இருப்பார், தூக்கத்தில் வரமாட்டார். வரப்போகிற ஷெரினோடு சேர்த்து வீட்டில் மூன்று பேர் என்று ஆகிவிடும். பாதித் தூக்கம் போதும். இரண்டாவது, அவரையும் ஆளாகவே எழுதிக்கொள்வது. வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கு வருமானம் காட்ட வேண்டுமென்றால் ஜெசிந்தாவின் முழுத் தூக்கமும் வேண்டும், பத்து வருஷத்துக்கு. இதில் எதற்கும் சம்மதமில்லை என்றால் மனுவை மூடிவிடலாம்.

வீட்டுக்குப் போகும் டிராமில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிரெதிர் சன்னலைப் பார்த்தார்கள். மூன்று நிறுத்தம் போனபிறகு ரூபன் ஆரம்பித்தான்.

"நீக்கிருவோம்க்கா. ரெண்டுலயும் நீ அத்தானப் பாக்கப்போறதில்ல. இதுலயாவது ஒனக்குப் பாதித் தூக்கம் மிஞ்சும்."

"மிஞ்சி? அந்தத் தூக்கத்துக்குள்ள நான் போய் யாரப் பாக்க? காலி நாற்காலியவா?"

"அத்தான் செத்துட்டாகக்கா."

"எனக்குத் தெரியாதாலே? குளிப்பாட்டி உடுத்துனது யாரு?" ஜெசிந்தாவின் குரல் உயரவில்லை. "பத்தொம்பது வருஷம் இந்த ஊருக் கப்பலுக்கெல்லாம் வெல்டிங் வெச்சாக. ஒரு காயிதத்துலயாவது இந்த ஆளு இந்த வீட்ல இருக்காருன்னு எழுதிக் குடுத்தாங்களா? தற்காலிகம், தற்காலிகம்னே எழுதி, தற்காலிகமாவே செத்தும் போனாக. இன்னைக்கு அவங்களே கூப்பிட்டு, இவரு உன் வீட்ல இருக்காருன்னு சொல்லுதாங்க. நான் போய், இல்லம்மா, வெளிய தள்ளுங்கன்னு சொல்லட்டா?"

"அப்பம் மனுவ மூடச் சொல்லிருவோம்," என்றான் ரூபன். அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. நாலு வருஷமாகக் காத்திருக்கிற பிள்ளை, அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, போகட்டும் என்று சொல்கிறான்.

"ஷெரின் வருவா," என்றாள் ஜெசிந்தா. "நாலு பேருன்னே எழுது."

பட்டி கட்டுவதற்கு முந்தின கடைசித் தூக்கத்தில் பனி கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. பனையோலை பாரத்தில் தாழ்ந்து கிடந்தது. எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காபி கொடுத்ததுதான் வினையாகிவிட்டது என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்குக் காபி குடுக்காம எப்படிட்டி?"

"உங்களக் குத்தம் சொன்னனா?"

"பத்து வருஷமா?"

"பத்து வருஷம்."

"அறுபத்தெட்டு ஆயிரும் எனக்கு. பல்லு இருக்குமோ என்னமோ." அவர் நரைத்த கிருதாவைத் தடவிக்கொண்டார். "சரி. காலம் பெருசுதான். ஆனா அந்தப் பிள்ளை வரணும்லா."

"அம்புட்டு நாளும் தனியா இருந்து என்ன செய்வீக?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீ எந்திரி, மணி நாலாகப்போவுது."

அவளுக்கு எழுந்திருக்க மனசில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிடித்த கையோடு கண் விழித்தால் கையில் போர்வைதான் இருந்தது. அன்றைக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பட்டி கட்டின தூக்கம் ரூபன் சொன்னபடியே இருந்தது. பத்து மணிக்குக் கண்ணை மூடினால் உடனே நாலு மணி. நடுவில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. உடம்பு தேறியது, கன்னம்கூட ஒரு சுற்று உப்பியது. பார்த்தவர்கள் இளைப்பாறின முகம் என்றார்கள். உள்ளே அவளுக்கு நாள் முழுக்க எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது. சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணிகள் சுழலும்போது கொஞ்ச நேரம் பார்த்தபடி நிற்பாள். மேஸ்திரிப் பெண் கூப்பிட்டதும் திரும்ப வேலையில் இறங்குவாள்.

ஷெரின் பங்குனியில் வந்தாள். விமான நிலையத்தில் ரூபன் அவளை அடையாளம் தெரியாதவன்போல ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பையைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் என்றால் தூக்கம், சோபாவில் உட்கார்ந்தால்கூடக் குறட்டை. இனிமேல் வந்து என்ன பிரயோஜனம் என்று ஜெசிந்தா கேலி செய்தாள். மனு ஏறின பிறகு ஆளை மாற்ற விதி இடம் தராது.

ஷெரின் கெட்டிக்காரி. வந்த ஒரு மாசத்தில் வீட்டு அட்டையில் நாலு பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டாள். ரூபனைக் குடைந்து விஷயத்தை வாங்கினாள். ஜெசிந்தா வேலை முடிந்து வந்தபோது, அவள் சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஊருக்குப் போயிட்டா இந்த உடன்படிக்கை முறிஞ்சிரும்லா மதினி?"

"முறியும்."

"அப்பம் போறேன். உங்க வீட்டுக்காரரக் குடுத்துட்டு என்னைய வாங்கிருக்கீகளே, எனக்குத் தொண்டைக்குள்ள சோறு இறங்குமா?"

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏட்டி, அவுகதான் உன்னைய வரச் சொன்னாக," என்றாள். "நீ போயிட்டன்னா அவுக சொல்லு வீணாயிரும். ஒழுங்கா பெட்டிய மூடு." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம் பசித்தது, இருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

வருஷம் ஒன்று முடிந்ததும் மறுபரிசீலனைக்குக் கூப்பிட்டு ஓலை வந்தது. மூன்று பேரும் பயந்துகொண்டே போனார்கள். அதே வெள்ளைத் தரை, அதே இங்க்ரிட். அவள் மேசையில் ஏதோ தாளை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கள் உறக்கத்தின் வருமானத்தில் ஒரு முரண்பாடு உள்ளது," என்றது பொத்தான்.

ரூபன் எழுந்தேவிட்டான். "கொறஞ்சு போச்சா?"

"கூடியுள்ளது. இரண்டு மடங்கு." இங்க்ரிட் நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். "ஓர் உறக்கத்திலிருந்து ஒருவரின் உழைப்பே கிடைக்கும். தங்கள் உறக்கத்தில் இருவர் உழைக்கின்றனர். கருவியின் பிழை என்று எண்ணி மும்முறை சோதித்தோம். பிழை இல்லை. முதல் நாளிலிருந்தே அவ்வாறுதான்."

ஜெசிந்தா மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத நான் பாத்துக்கிடுதேன் என்றாரே, இதைத்தான் சொன்னாரா? ஆறு வருஷம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனுஷன், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் வேலைக்குப் போய்விட்டாரா?

"அந்த வேலை எப்படிம்மா இருக்கும்? கஷ்டமா?" என்று கேட்டாள்.

இங்க்ரிட் பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது. எவரும் விழித்திருந்து பார்த்ததில்லை," என்றாள். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினாள். "அவரைத் தங்களைச் சார்ந்திருப்பவர் என்று எழுதியிருந்தோம். அது தவறு. அவர் சம்பாதிப்பவர். ஒரே வீட்டில் வசிக்கும் உறவினரின் வருமானத்தைச் சேர்த்துக்கொள்ள விதி உண்டு. அதைச் சேர்த்தால் தங்கள் உறக்கத்தில் பாதி போதும். அவருடைய ஒப்பத்துக்குப் பதிலாகத் தாங்களே ஒப்பமிடலாம்."

அவள் வார்த்தைக்கு வார்த்தை விதியைத்தான் சொன்னாள். ஆனால் பேனாவை நீட்டினபோது ஜெசிந்தாவின் விரல்களை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். எட்வின் என்று அச்சடித்த பெயருக்கு எதிரே, உறவு என்ற இடத்தில் கணவர் என்றும், நிலை என்ற இடத்தில் நிரந்தரம் என்றும் போட்டிருந்தது. ஜெசிந்தா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படுத்தாள். மதியம் ஒரு மணிக்குப் பட்டி தானாக விட்டுக்கொண்டது.

பனை மரங்கள் வந்தன. பனி அடங்கி, ஓலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண்ணில் அவள் கால் பதிந்தது. போன தடவை இல்லாத ஒரு ஒற்றையடிப் பாதை பின்வாசலிலிருந்து துறைமுகம் வரை ஓடியது. ஒரே ஆள் தினமும் போய்வந்து விழுந்த தடம். கூப்பிட வாயெடுத்தவள் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் நின்றாள்.

உள்ளே தரையில் பாயை விரித்து எட்வின் ஒருக்களித்துக் கிடந்தார். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வருஷத்து நரை முழுக்கத் தலைக்கு ஏறியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னக் குறட்டை. இத்தனை வருஷத்தில் அவள் தூக்கத்துக்குள் அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

அவள் ஓசைப்படாமல் உள்ளே போய்ப் பாயோரம் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். அவர் கால் ஒருமுறை அசைந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டாள். கேட்க வேண்டியது, திட்ட வேண்டியது, சொல்லி அழ வேண்டியது எல்லாம் வாய்வரை வந்தன. நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிட்டாள்.

நாலு மணிக்கு அவள் அறைக்கதவைத் திறந்து வெளியே வந்தபோது, ஷெரின் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலையே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மதினி, அண்ணன் இருந்தாகளா? பாத்தீகளா? என்ன சொன்னாக?"

ஜெசிந்தா தனக்குப் பின்னால் கதவை மெல்லச் சாத்தினாள்.

"இருக்காக. அசந்து தூங்குதாக," என்றாள். "சத்தம் போடாத."